முன்வாசல் நிலைக்கு மரப்படி: முனை இற்றுப் போகாமல் செய்வது எப்படி?

கேள்வி இதுதான்: பழைய வீட்டைப் புதுப்பிக்கிறார்கள். முன்வாசல் நிலையின் மரப்படி 12 வருடத்தில் இரண்டு முனையிலும் இற்றுவிட்டது, நடுப்பகுதி மட்டும் கல் மாதிரி இருக்கிறது. மேஸ்திரி கிரானைட் போட்டுவிடலாம் என்கிறார். வீட்டுப் பெரியவர்களுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைக்க மரப்படிதான் வேண்டும். நிலையையே புதிதாகச் செய்யப் போகிறார்கள். என்ன மரம், என்ன அளவு, மழைத் தண்ணீர் உள்ளே வராமலும் படி மக்காமலும் இருக்க என்ன செய்ய வேண்டும்?

மரப்படியே செய்யுங்கள். ஆனால் பழைய படி ஏன் முனையில் மட்டும் இற்றது என்பதைப் புரிந்துகொண்டு செய்யுங்கள். மரத்தின் நுண்குழல்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. அதனால் அறுத்த முனை, பக்கவாட்டை விடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரைக் குடிக்கும். நம் ஊர் வழக்கப்படி படியின் இரண்டு முனையையும் சுவருக்குள் மூன்று நாலு அங்குலம் செருகிச் சிமென்ட் கலவையால் அடைத்துவிடுகிறோம். அதே இடத்தில்தான் நிலைக்காலின் கழுந்து (காலின் அடியில் நாக்கு மாதிரி செதுக்கிய பகுதி) இறங்கும் துளையும் இருக்கிறது. அந்தத் துளைக்கு அடியில் வழி கிடையாது, ஒரு கிண்ணம் மாதிரி. தினமும் வாசல் தெளிக்கும் தண்ணீர், வீடு துடைக்கும் தண்ணீர், ஐப்பசி கார்த்திகை மழை எல்லாம் காலோரமாக இறங்கி அந்தக் கிண்ணத்தில் நிற்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மக்கவைக்கும் பூஞ்சை வளராது. படியின் மேல்பரப்பு வெயில் பட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். துளைக்குள் இருக்கும் ஈரம் வாரக்கணக்கில் காயாது. உங்கள் படியின் நடு கெட்டியாக இருப்பதே அந்த மரத்தில் குறையில்லை என்பதற்குச் சாட்சி.

இதே காரணத்தால் கிரானைட்டும் முழுத் தீர்வு இல்லை. கல் மக்காது, சரி. ஆனால் அதன்மேல் நிலைக்காலின் அடி நிற்கும். அதுவும் அறுத்த முனைதான். கல்மேல் தேங்கும் தண்ணீரை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். படிக்குப் பதில் கால் இற்றுப்போகும். படியை மாற்றுவதைவிடக் காலை மாற்றுவது பெரிய வேலை.

மரம். தேக்கு என்று கேட்டு வாங்கினால் போதாது, வைரம் (மரத்தின் கறுத்து இறுகிய உள்பகுதி) பாய்ந்த தேக்கு என்று பார்த்து வாங்க வேண்டும். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் மரத்துண்டுகளை மண்ணில் நட்டு எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்த்துத்தான் நம் நாட்டு மரங்களை வகை பிரித்திருக்கிறார்கள். 120 மாதமோ அதற்கு மேலோ தாங்குவது முதல் வகை. தேக்கு அதில் வருகிறது. ஆனால் அந்தக் கணக்கு வைரத்துக்கு மட்டும்தான். ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளைப் பகுதி எந்த மரமானாலும் கரையானுக்குச் சாப்பாடு. இப்போது கிடைக்கும் இளம் தோட்டத் தேக்கில் வெள்ளை அதிகம். கதவுப் பலகைக்கு ஓரளவு வெள்ளை பொறுக்கலாம், படிக்கு ஒரு நூல்கூடக் கூடாது. வேங்கை நல்ல உறுதியான மரம். ஆனால் நனைந்தால் சாயம் இறக்கும். புதுச் சுவரிலும் வெளிர் நிறத் தரையிலும் பழுப்புக் கறை வழியும், முதல் இரண்டு மழைக்காலம் அதைச் சகித்துக்கொள்ள வேண்டும். மருது வலிமையானது, எடையும் அதிகம், காயும்போது வெடிக்கும். நன்றாகக் காய்ந்த பழைய மருது கிடைத்தால் எடுக்கலாம், பச்சையாக வேண்டாம். மா, ரப்பர் மரம், பைன் எல்லாம் வெளிவாசல் படிக்கு ஆகாது. இடித்த வீட்டிலிருந்து வரும் பழைய உத்தரக் கட்டை இதற்கு அருமையான மரம், ஈரமெல்லாம் போய்ச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கியிருக்கும். அறுக்கும் முன் உள்ளே முறிந்த ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

காய்ச்சல் முக்கியம். ஈரமானியில் 12 முதல் 14 சதவீதம் காட்ட வேண்டும். முனையில் குத்திப் பார்க்காதீர்கள், அது எப்போதும் குறைவாகத்தான் காட்டும். முனையிலிருந்து ஓரடி உள்ளே, நடுவில் பாருங்கள். பச்சைத் தேக்கு முழுதாகக் காயும்போது வளையங்கள் ஓடும் திசையில் சுமார் 5.8 சதவீதமும் ஆரத் திசையில் 2.5 சதவீதமும் சுருங்கும். இரண்டும் ஒன்றில்லை என்பதால்தான் சதுரமாக அறுத்தது கோணலாகிறது. கட்டையின் முனையைப் பார்த்தால் வளையக் கோடுகள் தெரியும். அவை நின்றவாக்கில், அதாவது படியின் மேல்பரப்புக்குச் செங்குத்தாக இருப்பது மிகச் சிறந்தது. அப்படிக் கிடைக்காவிட்டால் மரத்தின் மையப் பக்கம் கீழே போகும்படி வையுங்கள். மையப் பக்கம் மேலே வந்தால் கால் பட்டுப் பட்டு ஏடு ஏடாகப் பிரியும், சிம்பு குத்தும். நடுமையம் கட்டைக்குள்ளேயே இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அது மேல்நோக்கி வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் நிற்கும்.

இனி அளவு. வாசல் திறப்பு 3 அடி 3 அங்குலம் (990 மி.மீ.), நிலைக்கால் 5×3 அங்குலம் (125×75), கதவு ஒன்றரை அங்குலக் கனம், உள்பக்கம் திறப்பது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். உங்கள் அளவு மாறினால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். படியின் நீளம் 4 அடி: திறப்பு 990, இரண்டு கால் 150, அதற்கு வெளியே இரண்டு பக்கமும் கொம்பு ஒன்றரை அங்குலம். கொம்பே விடாவிட்டால் துளைக்கு வெளியே 25 மி.மீ. மரம்தான் மிஞ்சும், கழுந்து அடிக்கும்போது பிளக்கும். நாலு அங்குலம் விட்டால் சுவருக்குள் அத்தனையும் ஈரத்தில் ஊறும். ஒன்றரை அங்குலம் போதும். அகலம் 163 மி.மீ.: கால் நிற்கும் 125, அதற்கு வெளியே வாசல் பக்கம் 38 நீட்டம். இந்த நீட்டத்தை மூக்கு என்று சொல்லிக்கொள்வோம். கனம் இழைத்த பிறகு 75. வாங்கும் கட்டை 4 அடி 3 அங்குல நீளம், 7 அங்குல அகலம், மூன்றேகால் அங்குலக் கனம் இருந்தால் இழைத்து இந்த அளவு வரும். கணக்கில் அது ஏறக்குறைய 0.67 கன அடி.

படியின் குறுக்குவெட்டை ஒரு அட்டையில் முழு அளவில் வரைந்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் உள்பக்க விளிம்பிலிருந்து 40 மி.மீ. வரை கதவு உட்காரும் காடி (பள்ளம்), ஆழம் 12 மி.மீ., அதாவது 4 நூல். காடி முடியும் இடத்தில் வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு நிற்கும், கதவின் வெளிமுகம் அதில் வந்து சாயும். வரப்பின் உச்சியிலிருந்து மூக்கின் நுனிவரை 123 மி.மீ. தூரத்தில் 12 மி.மீ. சரிவு. பத்துக்கு ஒன்று. இதைவிடக் குறைத்தால் தண்ணீர் ஓடாமல் சவ்வு மாதிரி ஒட்டி நிற்கும். கூட்டினால் ஈரக்காலோடு மிதிப்பவர் வழுக்குவார். இந்த அளவில் ஒரு வசதி உண்டு: காடியின் அடியும் மூக்கின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில், படியின் அடியிலிருந்து சரியாக 63 மி.மீ. உயரத்தில் வருகின்றன. மார்க்கிங் கேஜை (விளிம்புக்கு இணையாகக் கோடு இழுக்கும் கருவி) 63-இல் ஒருமுறை வைத்து உள்முகத்திலும் வெளிமுகத்திலும் ஒரே அமைப்பில் கோடு இழுத்துவிடலாம். முடித்த பிறகு காடிக்கும் மூக்குக்கும் குறுக்கே ரசமட்டம் வைத்து, வரப்புக்கு இடைஞ்சல் இல்லாமல் இரண்டு ஒரே அளவுக் கட்டையின் மேல் தூக்கிப் பார்த்தால், செய்தது சரியா என்று உடனே தெரியும்.

மூக்கின் அடியில் சொட்டுக்காடி. நுனியிலிருந்து 12 மி.மீ. உள்ளே, 8 மி.மீ. அகலம், 8 மி.மீ. ஆழம், முனையிலிருந்து முனைவரை. இதை விட்டுவிடுகிற படிகள்தான் அதிகம். காடி இல்லாவிட்டால் மூக்கில் வழிந்த துளி கீழே விழாமல் அடிப்பரப்பில் ஒட்டிக்கொண்டே சுவர்வரை ஊர்ந்து போகும். மழை பெய்யும்போது ஜன்னல் சன்ஷேடின் அடியைப் பார்த்தால் இதைக் கண்ணால் காணலாம். காடிக்கும் சுவர்ப் பூச்சுக்கும் நடுவே 18 மி.மீ. இடம் இருக்கிறது. பூச்சுவேலை செய்பவர் அழகுக்காகக் கலவையைக் காடிவரை ஏற்றிவிட்டால் எல்லாம் வீண். அந்த அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரம் வைக்கும்போது காடியின் அடி, உள்தரை ஓட்டை (டைல்ஸை) விட 10 மி.மீ. மேலே இருக்கட்டும். வரப்பு 22 மி.மீ. மேலே வரும். தேள், பூரான், அடித்து வரும் சாரல் இவற்றுக்கு இந்த உயரம் போதும். பழைய வீடுகளில் இருப்பதுபோல நாலு அங்குலம் தூக்கி வைத்தால் முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் தட்டி விழுவார்கள். இந்த அளவில் படியின் அடி, உள்தரையைவிட 53 மி.மீ. தாழ்ந்திருக்கும். ஆகவே வெளித்தளம் உள்தரையைவிடக் குறைந்தது 4 அங்குலம் தாழ்ந்தால்தான் மூக்குக்கு அடியில் காற்றும் தண்ணீரும் போக வழி இருக்கும். போர்டிகோ டைல்ஸை உள்தரை மட்டத்துக்கே உயர்த்திப் படியோடு ஒட்டிவிட்டால், எந்த மரமும் நிற்காது.

வேலை வரிசையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சரிவை முதலில் இழைத்துவிடாதீர்கள். நாலு பக்கமும் சதுரமாக இருக்கும்போதே துளைகளைப் போடுங்கள். மூலைமட்டத்துக்கும் கேஜுக்கும் நேரான முகம் அப்போதுதான் இருக்கும். துளை, பிறகு உட்காடி, பிறகு சொட்டுக்காடி, கடைசியாகச் சரிவு. வரப்பின் உச்சியைக் கூராக விடாமல் ஒரு நூல் உருட்டிவிடுங்கள். கூர் விளிம்பில் வண்ணமும் எண்ணெயும் நிற்காது, செருப்புப் பட்டு முதலில் உடைவதும் அதுதான்.

கழுந்து 25 மி.மீ. கனம், 60 அகலம், 55 நீளம். படியில் துளை, உள்முகத்திலிருந்து 52 மி.மீ. தொடங்கி 112 மி.மீ. வரை. துளைக்கு அடியில் 20 மி.மீ. மரம் மிஞ்சும். அதன் நடுவே 8 மி.மீ. துளையிட்டுக் கீழே திறந்துவிடுங்கள். கிண்ணம் புனலாகிவிட்டது. இந்த ஒரு ஓட்டை படிக்குக் கூட்டும் ஆயுளை வேறு எந்த மருந்தும் கூட்டாது.

நிலைக்காலின் அடித்தோள், அதாவது கழுந்தைச் சுற்றிப் படிமேல் உட்காரும் பகுதி, படியின் வடிவத்தை அப்படியே பின்பற்ற வேண்டும். வரப்பின் உச்சியை அடிக்கோடாக வைத்துக்கொண்டால், காடியின் மேல் நிற்கும் உள்பகுதி 12 மி.மீ. நீளமாகவும், வெளிவிளிம்பு 8 மி.மீ.க்குச் சற்று அதிகமாகவும் இறங்க வேண்டும். இதைச் செய்யச் சோம்பி, தோளை நேராக அறுத்துவிட்டு இடைவெளியில் மக்கையும் (புட்டியையும்) பசையையும் அடைக்கிறார்கள். ஒரு கோடையில் மக்கு சுருங்கி மயிரிழை அளவுக்கு விரிசல் விடும். மழைத் தண்ணீர் அதன் வழியாக நேராகக் கழுந்துக்குப் போகும். அட்டை வார்ப்பைக் காலில் வைத்துக் கோடு போட்டு, மெல்லிய பல் ரம்பத்தால் கோட்டை ஒட்டி அறுத்து, உளியால் திருத்திப் பொருத்துங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையாத அளவுக்கு ஒட்ட வேண்டும்.

கழுந்தை இறுக்க இரும்பாணி வேண்டாம். ஈரத் தேக்கில் இரும்பு துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தைக் கறுப்பாக்கி நொய்ய வைக்கும். 10 மி.மீ. மூங்கில் ஆணி போதும். படியின் உள்முகத்திலிருந்து, காடியின் அடிக்கு 20 மி.மீ. கீழே, 130 மி.மீ. ஆழத்துக்குக் கிடைமட்டமாகத் துளையிடுங்கள். வெளிமுகத்துக்கு வரக் கூடாது. கழுந்தைச் செருகி, துரப்பண முனையால் கழுந்தில் அடையாளம் வைத்து, வெளியே எடுத்து, அடையாளத்துக்கு ஒன்றரை மி.மீ. மேலே, தோள் பக்கமாகக் கழுந்தில் துளை போடுங்கள். ஆணி இறங்க இறங்கக் காலைப் படியோடு இழுத்துக் கவ்வும். ஒன்றரை என்பது மூன்றாகிவிட்டால் ஆணி வளைந்து முறியும். ஆணி நுனியைப் பென்சில் மாதிரி சீவி, கொட்டாப்புளியால் நிதானமாக அடியுங்கள்.

கோப்பதற்கு முன் முனைகளை அடைக்கும் வேலை. படியின் இரண்டு முனை, காலின் அடி, கழுந்து, துளையின் உட்சுவர், வடிதுளை, சொட்டுக்காடி எல்லாவற்றுக்கும் மெல்லிய எபாக்சி இரண்டு கோட். தேக்கில் இயற்கையான எண்ணெய் உண்டு. பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்தால்தான் ஒட்டும். முதல் கோட் முனையில் பூசியதும் காணாமல் போகும், மரம் குடித்துவிடும். பிசுபிசுப்பு இருக்கும்போதே இரண்டாவதைப் பூசுங்கள், மினுமினுப்பு நின்றால் முனை அடைந்துவிட்டது என்று அர்த்தம். முன்பு மூட்டுகளில் செந்தூர ஈயப் பூச்சு வைப்பார்கள். ஈயம் விஷம், குழந்தைகள் தவழும் இடத்தில் வேண்டாம். சுவர்ப் பக்கத்துக்குத் தார் பூசும் பழக்கம் நல்லதுதான், தொடருங்கள், ஆனால் கண்ணுக்குத் தெரியும் பக்கத்துக்கு ஒழுகவிடாதீர்கள். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் கரையானுக்கு நல்ல மருந்து, ஆனால் மழை படும் இடத்தில் கரைந்து போய்விடும். வெளிப்படிக்கு அதை மட்டும் நம்ப முடியாது. கரையானுக்கு அசல் மருந்து மண்ணில்தான் போக வேண்டும்: படி வைப்பதற்கு முன், அடித்தளமும் சுவரும் சேரும் இடத்தில், பயிற்சி பெற்றவரை வைத்து.

படியை உட்காரவைப்பது பாதி வேலை. வழக்கமாக ஈரக்கலவையைக் குவித்து அதன்மேல் படியை அழுத்திவிடுவார்கள். மண்ணிலிருக்கும் ஈரத்தைச் சிமென்ட் இழுத்து மரத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பதிலாக முதலில் படுக்கையை மட்டும் கலவையில் போட்டு, வெளிப்பக்கம் ஒரு நூல் சரிவு கொடுத்து, ஒரு வாரம் ஆறவிடுங்கள். அதன்மேல் ஒரு தட்டு. 0.5 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுத் தகடு அல்லது 3 மி.மீ. தார் மெம்பிரேன். உள்பக்கம் 45 மி.மீ. மேலே மடிப்பு, இரண்டு முனையிலும் அதேபோல் மடிப்பு, வாசல் பக்கம் மட்டும் திறந்து சுவர்ப் பூச்சைவிட 10 மி.மீ. வெளியே வந்து கீழே வளைய வேண்டும். மூலைகளை வெட்டி மடிக்காமல், உறை மடிப்பது மாதிரி மடியுங்கள். வெட்டிய மூலைதான் ஒழுகும். அலுமினியத் தகடு மலிவாகக் கிடைக்கும், ஆனால் புதுச் சிமென்ட்டின் காரம் அதை அரித்துவிடும்.

தட்டின்மேல் படியை நேரடியாக வைக்காமல் ஐந்து சிறு துண்டுகள்மேல் வையுங்கள். இரண்டு கால்களுக்கு அடியில் ஒவ்வொன்று, நடுவில் மூன்று. கெட்டிப் பிளாஸ்டிக் அல்லது கிரானைட் துண்டு, உள்பக்கம் 5 மி.மீ., வெளிப்பக்கம் 8 மி.மீ. கனம். படுக்கையின் சரிவை இது சரிக்கட்டும், படி மட்டமாக நிற்கும். வடிதுளையை மறைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள். கீழே கலவை இல்லாவிட்டால் மிதிக்கும்போது படி வளையாதா என்று ஆசாரிகளே கேட்பார்கள். 163×75 கட்டை ஒரு மீட்டர் இடைவெளியில் நடுவே எந்தத் தாங்கலும் இல்லாமல் நூறு கிலோ தாங்கினால்கூட அரை மில்லிமீட்டர்கூட வளையாது. இங்கே அடிக்கு ஒரு தாங்கல் இருக்கிறது. கொம்பின் முனைக்கும் சுவருக்கும் ஒரு நூல் இடைவெளி இருக்கட்டும். பிடிக்கம்பி (நிலையைச் சுவரோடு பிணைக்கும் கம்பி) காலுக்கு மூன்று போதும், படிக்கு வேண்டாம்.

அடைப்பதில் ஒரு விதி உண்டு. உள்தரை ஓட்டுக்கும் படிக்கும் நடுவே 6 மி.மீ. இடைவெளி விட்டு பாலியூரித்தேன் சீலன்ட் கொடுங்கள், இரண்டு பக்கச் சுவரோரமும் கொடுங்கள். மூக்குக்கு அடியில், தட்டின் திறந்த முன்வாயில் கொடுக்காதீர்கள். அங்கே இடைவெளி தெரிகிறதே என்று கடைசி நாளில் யாராவது வெள்ளைச் சிமென்ட் அடைத்துவிடுவார்கள். அடைத்தால் தட்டு தொட்டியாகிவிடும். பூச்சி போகாமல் இருக்க மெல்லிய எஃகு வலையை மடித்துச் செருகினால் போதும்.

இப்போது கதவு. உள்பக்கம் திறக்கும் கதவில் சாரல் கதவின் முகத்தில் வழிந்து, கதவும் வரப்பும் தொடும் கோட்டில்தான் இறங்கும். சரிவு பெரும்பகுதியை வெளியே தள்ளும், மிச்சம் அந்த மயிரிழை இடைவெளியில் உறிஞ்சப்பட்டு உள்ளே வரும். அதனால் கதவின் வெளிமுகத்தில், வரப்புக்கு 6 மி.மீ. மேலே, 2 அங்குல உயரம் ஒன்றரை அங்குல நீட்டத்தில் ஒரு தேக்குப் பட்டை வையுங்கள். மேல்பக்கம் சரிவு, அடியில் சொட்டுக்காடி. கீல் பக்கம் 3 மி.மீ. இடைவெளி போதும். பூட்டுப் பக்கம் 5 மி.மீ. விட வேண்டும். ஏனென்றால் கதவு திறக்கத் தொடங்கும்போது நீட்டியிருக்கும் பட்டையின் நுனி ஏறக்குறைய 3 மி.மீ. பூட்டுக்காலை நோக்கி நகரும். இதைக் கணக்கில் எடுக்காமல் இரண்டு பக்கமும் ஒட்டி வைத்துவிட்டு, கதவு இறுக்குகிறது என்று கதவை இழைத்துக் கெடுத்தவர்கள் உண்டு. வரப்பின் உள்முகத்தில் கதவு சாயும் இடத்தில் மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டலாம். கதவின் அடிக்கும் காடிக்கும் 4 மி.மீ. இடைவெளி. கதவின் அடிவிளிம்பும் அறுத்த முனைகள் கொண்டதுதான், மாட்டும் முன் அதற்கும் எபாக்சி. கதவைக் கழற்றாமல் அந்த இடத்துக்குப் பிரஷ் போகாது.

நிலை வைக்கும் நாளில் நவதானியம், காசு, பொன் துணுக்கு வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. அவற்றைப் படிக்கு அடியில் நேராக வைத்தால் தானியம் ஈரத்தில் முளைத்து மக்கி எறும்பைக் கூட்டிவரும். மூடி இறுக்கிய சிறு செப்புச் சிமிழில் போட்டு, படுக்கைக் கலவைக்குள், தட்டுக்குக் கீழே பதியுங்கள். வழிபாட்டுக்கும் குறைவில்லை, மரத்துக்கும் கெடுதல் இல்லை. நிலை வைத்த பிறகு மாதக்கணக்கில் கட்டுமான வேலை நடக்கும். தள்ளுவண்டி ஏறும், சிமென்ட் தண்ணீர் ஊறும், கடைசியில் ஓடு கழுவ ஆசிட் ஊற்றுவார்கள். படிமேல் ப்ளைவுட்டைத் தலைகீழ் ப வடிவில் கவிழ்த்து வையுங்கள். பாலிதீன் சுற்றாதீர்கள், உள்ளே வியர்த்து மரம் நனைந்தே கிடக்கும்.

மேல்பூச்சுக்கு வார்னிஷ் வேண்டாம். மிதிக்கும் இடத்தில் அது செதிலாக உரியும். செதிலுக்கு அடியில் தண்ணீர் புகுந்தால் வெளியே வராது. டர்பன்டைன் கலந்த காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நாள் விட்டு, மரம் குடிக்காமல் மிஞ்சியதைத் துடைத்துவிட்டுப் பூசுங்கள். மிஞ்சியதை விட்டால் பிசுக்காகி அதில் கறுப்புப் பூஞ்சை வரும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போடுங்கள். பிறகு வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசியில், மழைக்கு முன் ஒரு கை.

மஞ்சள் பூசுவதால் படி கெடாது. மஞ்சள் நிற எனாமல் பெயின்ட் அடிப்பதுதான் கெடுதல், விரிசலையெல்லாம் மறைத்துவிடும். அசல் மஞ்சள் வெயிலில் சீக்கிரம் வெளிறும், அதனால் அடிக்கடி பூச வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அது ஒரு நல்ல சோதனையும்கூட. மஞ்சள் காரம் பட்டால் சிவக்கும், சுண்ணாம்பு சேர்ந்தால் குங்குமமாகிற மாதிரி. படியின் முனையில் பூசிய மஞ்சள் தானாகச் சிவந்து போனால், சுவரின் சிமென்ட் ஈரம் மரத்துக்கு வருகிறது என்று பொருள். அந்தப் பக்கத்து இடைவெளியில் கலவை அடைந்திருக்கும், சுரண்டி எடுத்துச் சீலன்ட் போடுங்கள். தினசரிப் பழக்கத்தில் ஒன்றை மட்டும் தவிருங்கள்: ஈரச்சாக்கைப் படிமேல் போட்டு வைப்பது. வாசல் தெளிப்பது அரை மணியில் காய்ந்துவிடும், சாக்கு நாள் முழுக்க மரத்தை நனைத்து வைக்கும்.

நிலையை எடுக்காமல் படியை மட்டும் மாற்ற முடியுமா என்று யோசித்தால், முடியும். இரண்டு கால்களுக்கும் நடுவே தரைக்கு ஓரடி மேலே ஒரு கட்டையை இறுக்கி வைத்துவிட்டுத்தான் பழைய படியைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் கால்கள் உள்ளே சாயும், பிறகு கதவு சேராது. படியை நடுவில் இரண்டு இடத்தில் அறுத்துத் துண்டை எடுங்கள், மிச்சம் பக்கவாட்டில் இழுத்தால் வரும். கால்களின் அடியைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கும்வரை அறுத்து, கெட்டி மரம் வந்த இடத்தில் மேலே சொன்ன தோள் வடிவில் வெட்டி எபாக்சி பூசுங்கள். அரையடிக்கு மேல் இற்றிருந்தால் புதுத் துண்டு ஒட்ட வேண்டும். ஒட்டும் கோடு வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சரிய வேண்டும், உள்பக்கம் சரிந்தால் தண்ணீர் மூட்டுக்குள் இறங்கும். புதுப் படிக்கு இந்த முறையில் துளையும் இல்லை, கொம்பும் இல்லை. வாசல் பக்கத்திலிருந்து கிடைமட்டமாகத் தள்ள வேண்டும். அப்போது வரப்பின் உச்சி, காலின் தாழ்ந்த விளிம்பில் முட்டும். அதனால் படுக்கையை முடிவு மட்டத்துக்கு 20 மி.மீ. கீழே தோண்டிவைத்து, படியை உள்ளே தள்ளிய பிறகு இரண்டு முனையிலும் இரட்டை ஆப்பு வைத்து, இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்டி, காலின் தோள் முழுதும் ஒட்டும்வரை தூக்குங்கள். தட்டை முன்கூட்டியே விரித்து வைத்திருக்க வேண்டும், பின்னால் நுழைக்க முடியாது. தாங்கல் துண்டுகளை இந்த உயரத்துக்குத் தகுந்த கனத்தில் செருகி, ஆப்பை உருவிவிட்டு, காலின் உள்முகத்திலிருந்து படிக்குள் சாய்வாகக் காலுக்கு இரண்டு வீதம் 5×100 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுத் திருகு போடுங்கள். துளையிடாமல் திருகினால் காலின் அடி பிளக்கும், முதலில் 3.5 மி.மீ. வழித்துளை. நடுவில் இறுக்கிய கட்டையை மறுநாள் எடுங்கள்.